ஆவாரை வளர்ப்பு: கேட்டவையும் சொன்னவையும்

ராதாபுரம், நாங்குநேரி பக்கத்து மானாவாரி நிலத்திலும் வீட்டு வேலியோரத்திலும் ஆவாரை வைக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணாச்சி, வாங்கி வைத்த கன்று ரெண்டும் பட்டுப்போச்சு. தினமும் தண்ணீர் ஊத்தினேனே? (திசையன்விளை)

அந்தத் தண்ணீரே காரணமாக இருக்கலாம், தம்பி. ஆவாரைக்கு ஈரம் தேங்கக் கூடாது. ஆணிவேர் ஆழமாகப் போகிற செடி என்பதால், பையில் சுருண்ட கன்றைவிட நேரே ஊன்றிய விதை நன்றாக வரும். பழுப்பேறிக் காய்ந்த நெற்றை உடைத்து, துளை விழாத விதையாகப் பொறுக்குங்கள். தோல் கெட்டி, கொதிக்கவைத்து இறக்கிய நீரை ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் உப்பியதை ஊன்றலாம். உப்பாததைச் சொரசொரப்பான தரையில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை இதில் பார்க்காதீர்கள். ஆடியில் நமக்கு வருவது பெரும்பாலும் வெறுங்காற்றுதான். புரட்டாசிக் கடைசியில் ஊன்றினால் மிச்சத்தை ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும்.

இலையெல்லாம் பச்சைப்புழு தின்கிறது. என்ன மருந்து அடிக்க? (வள்ளியூர்)

ஒன்றும் அடிக்காதீர்கள், அக்கா. அது பெரும்பாலும் கொன்னை வெள்ளையன் வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். அதற்காகத்தானே இந்தச் செடியை வைக்கிறோம்! மொட்டையானாலும் துளிர்த்துவிடும். புழுவைத் தேடித் தவிட்டுக்குருவிக் கூட்டமும் வரும்.

பூ கொத்துக்கொத்தாக இருக்கே, தேன்பெட்டி வைக்கலாமா? (பணகுடி)

தேனுக்கு ஆகாது. ஆவாரம்பூவில் மகரந்தம் மட்டும்தான், தேன் கிடையாது. மகரந்தப்பை நீளமாக, நுனியில் சிறு துளையோடு இருக்கும். பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரவைக்கும். 'ர்ர்ர்' என்ற சத்தம் நமக்கே கேட்கும். அந்த அதிர்வில் துளை வழியே தூள் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, சிந்தியதைப் பொறுக்கும், அவ்வளவுதான். இன்னொன்றும் பாருங்கள்: இலைக்காம்பில் ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவே குட்டிக் குச்சி மாதிரி, இனிப்பு நீர் கசியும் ஒரு சுரப்பி நிற்கும். எறும்பு எதற்கு ஏறுகிறது என்று அப்போது புரியும். தேன்பெட்டிக்குப் புங்கை, வேம்பு வையுங்கள்.

பயறு இனம் என்கிறார்களே, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்குமா?

வேரைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு இருக்காது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற வேலை அதற்கு இல்லை. தழையை வெட்டி வயலில் மிதித்தால் நல்ல பசுந்தழை உரம்; அது வேறு கணக்கு. முடிச்சு வேண்டுமானால் இடையில் கொழிஞ்சி விதையுங்கள்.

சீமைக்கருவேல் எடுத்த இடம். பறவைகளும் வரணும். ஆவாரை மட்டும் போதுமா? (ராதாபுரம்)

போதாது. தின்னப் பழம் வேண்டுமே! களா, சூரை, சங்கஞ்செடி மூன்றையும் கலந்து வையுங்கள். முள்ளுக்குள் சின்னான் கூடு கட்டும், அடியில் கௌதாரி ஒதுங்கும். ஆனால் ஆடு மேய்ந்த இடமென்றால் புழுக்கை வழியாகச் சீமைக்கருவேல் திரும்ப முளைக்கும். மழை முடிந்ததும் கன்றிலேயே வேரோடு பிடுங்குங்கள்.

ஆடு கடிக்குமா?

வேறு தீனி இருந்தால் ஆவாரையை அவ்வளவாகத் தொடாது.

ஆவாரம்பூ டீ குடித்தால் சர்க்கரை குறையுமாமே?

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று சொல்லிவைத்திருக்கிறார்கள், சரி. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; டாக்டரைக் கேளுங்கள். பறிப்பதானால் கொத்தில் பாதியை விட்டுவிட்டுப் பறியுங்கள், அடுத்த வருசத்துக்கு விதை வேண்டும்.