40 பேர் பாடும் கோஷ்டி கானத்தைப் பதிவு செய்ய எத்தனை மைக் வேண்டும்?

தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைக்கு 40 பேர் உட்காருகிறார்கள், 12 மைக் வைத்தும் தகர டப்பாவுக்குள் பாடியதுபோல இருக்கிறது, இன்னும் எத்தனை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். இருப்பதில் பாதியைக் கழற்றுங்கள்.

என் முதல் ஆராதனைப் பதிவுக்கு நானும் 14 மைக் வைத்தவன்தான். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றினேன், நாசம். ஒரே குரல் பக்கத்து மைக்குகளிலும் துளித் துளித் தாமதத்தோடு விழுகிறது. கூட்டும்போது சில அதிர்வெண்களில் ஒலி அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அந்தத் தகர டப்பா அதுதான். ஈக்யூ (ஒலியின் கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைப்பது) போட்டு மீட்க முடியாது.

இப்போது நான் முதலில் வைப்பது இரண்டே மைக். ஒரே மாடல் கார்டியாய்ட் கண்டன்சர் (முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் நுட்பமான மைக்) இரண்டு, 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம். பிரெஞ்சு வானொலிக்காரர்களின் ஓஆர்டிஎஃப் முறை. முதல் வரிசைக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால், தலைகளுக்கு நன்றாக மேலே. பாட்டு முழுவதும் இந்த ஜோடியிலேயே வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் ஸ்டாண்டை நகர்த்துங்கள். மைக் செட் அண்ணனிடம் நல்லவிதமாகப் பேசி மானிட்டர் ஸ்பீக்கரையும் குறைக்கச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

அப்புறம் வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, முன்னணிப் பாடகர்களுக்கு ஒன்றிரண்டு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எங்கள் மண்டபத்தில் மிருதங்கம் பின்வரிசை ஓரத்தில், ஜோடி மைக்கிலிருந்து 7 மீட்டர் தள்ளி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்பதால், ஜோடிக்கு அந்த அடி கிட்டத்தட்ட 20 மில்லிநொடி பிந்தித்தான் வரும். பக்கத்து மைக்கோ உடனே பிடித்துவிடும். இரண்டையும் அப்படியே கலந்தால் 'தா' என்ற அடி 'த்தா' என்று பிசிறும். மிக்ஸிங்கில் மிருதங்க டிராக்கை அந்த 20 மில்லிநொடி பின்னால் தள்ளினால் அடி ஒன்றாக உட்கார்ந்துவிடும். பிறகு அந்த டிராக்கின் ஃபேடரை (ஒலியளவுப் பிடியை) மெல்ல ஏற்றுங்கள். மிருதங்கம் தனியாக முன்னால் வந்து நிற்கிறதே என்று தோன்றும் இடத்திலிருந்து கொஞ்சம் இறக்குங்கள், போதும்.

ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தானாகவே சமன்செய்யும் கம்ப்ரஸரை நான் தொடுவதே இல்லை. ஏற்ற இறக்கம் கையால்தான். 24 பிட் தரத்தில் பதியுங்கள், உச்சத்துக்குக் கீழே 15 டெசிபெல்லாவது காலியாக இருக்கட்டும். முதல் கீர்த்தனையான நாட்டை ராகத்தில் பாதிப் பேர் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார்கள். அதை வைத்து கெயின் (பதிவுக்குள் போகும் ஒலியளவு) போட்டால், கடைசியில் ஸ்ரீ ராகத்தில் 'எந்தரோ மகானுபாவுலு' என்று கூட்டமும் சேர்ந்துகொள்ளும்போது மீட்டரெல்லாம் சிவப்பில் நிற்கும்.

ஆரம்பிக்குமுன் மேடை ஃபேன்களையும் பாருங்கள். எங்கள் பதிவில் வராளி முழுக்க ஒரு ஃபேன் 'கறக் கறக்' என்று தாளம் போட்டிருக்கிறது, அதுவும் ஆதி தாளத்தில் இல்லை.