லேஅவுட் பூங்காவில் கிரிக்கெட் நெட், சாப்பாட்டு மேசை: எதை எங்கே வைப்பது?

கேள்வி: சூலூர் பக்கம் எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடம் வடக்கு தெற்காக 100 அடி, கிழக்கு மேற்காக 90 அடி. பசங்க பழக ஒரு கிரிக்கெட் நெட்டும், நாலு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட மேசைகளும் போடலாம்னு இருக்கோம். எதை எங்கே வைக்கலாங்க?

பதில்: முதலில் காற்றைப் பாருங்கள். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்று உங்கள் ஊரைச் சும்மா விடாது. விளையாட்டு மேற்கிலும் மேசை கிழக்கிலும் இருந்தால், பந்து போட ஓடிவரும் பையன் கிளப்புகிற புழுதி அத்தனையும் சந்தகைத் தட்டில்தான் விழும். அதனால் மேசைகள் தென்மேற்கு மூலையில், நெட் கிழக்கு வேலியோரம். கன்னி மூலை என்பதால் வாஸ்து பார்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்!

நெட் வடக்கு தெற்காகத்தான் ஓட வேண்டும். இல்லாவிட்டால் காலையோ மாலையோ யாராவது ஒருவர் கண்ணில் வெயில் அடிக்கும். பிட்ச் 22 கஜம், அதாவது 66 அடி. ஸ்டம்புக்குப் பின்னால் 6 அடி விட்டாலும் ஓடிவர 28 அடி மிஞ்சும், பசங்களுக்குத் தாராளம். அகலம் 12 அடி. பேட்டிங் முனை தெற்கே இருந்தால் நேராக அடிக்கும் பந்து வடக்கே போய்விடும். மேசைப் பக்கத்து வலையை மட்டும் 66 அடிக்கும் முழுசாக இழுத்து, மேலேயும் மூடுங்கள். வலைக்காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் கேட்காதீர்கள்.

கரிசல் மண்ணா? பிட்ச்சுக்கு நேராகக் கான்கிரீட் போட்டால் கோடையில் வெடிக்கும். இரண்டடி தோண்டி, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கிய பிறகு போடுங்கள்.

மேசைக்கு மேலே தகரம் வேண்டாம்; பங்குனி வெயிலில் கொதிக்கும், ஆடிக் காற்றில் பிய்த்துக்கொள்ளும். மேற்கு வேலியோரம் புங்கனும் வேம்பும் வையுங்கள், சாயங்கால வெயிலும் காற்றும் இரண்டும் தணியும். மேசை இரண்டரை அடி, பெஞ்சு ஒன்றரை அடி உயரம். ஒரு பக்கம் பெஞ்சு இல்லாமல் விட்டால் சக்கர நாற்காலி நுழையும். கை கழுவும் தண்ணீரை மரத்தடிக்குத் திருப்புங்கள். மூடியுள்ள குப்பைத்தொட்டி இல்லையென்றால் மறுநாளே நாய்கள் வந்துவிடும்.

திறந்தவெளியில் ஷட்டில் கோர்ட்டும் கேட்பார்கள். அந்தக் காற்றில் ஷட்டில் நிற்காது, ரிங்பால் போதும்.

அங்கீகாரம் பெற்ற லேஅவுட் என்றால் பூங்கா இடம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போயிருக்கும், சங்கத்துக்குச் சொந்தமில்லை. வரைபடத்தோடு மனுக் கொடுத்து, எழுத்துமூலம் அனுமதி வாங்கிய பிறகே கடப்பாரையை எடுங்கள்.