தேங்காயும் மின்தடைக் கருவியும்

அன்புள்ள ஐயா,

ஐயவாதம் குறித்த தங்கள் கட்டுரையில், நாளைச் சூரியன் உதிக்கும் என்பதைக்கூட நிரூபிக்க இயலாது என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் வாதிட்டதாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால், எங்கள் தோட்டத்தில் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவரும், கருவியோடு வந்த நிலவியலாளரும் ஒன்றுதானா?

– ஒரு வாசகர், காங்கயம்

அன்புள்ள நண்பருக்கு,

சூரியன் நாளை உதிக்காது என்ற கூற்றில் தருக்க முரண் ஏதும் இல்லை என்பதே 1748இல் வெளியான நூலில் ஹியூம் சொன்னது. இதுவரை நடந்ததுபோல இனியும் நடக்கும் என்று நம்மை எதிர்பார்க்க வைப்பது பழக்கமே என்றார். நம் நாட்டில் அவரினும் கடுமையானவர் உண்டு. பொருள்முதல்வாதிகளான உலகாயதர் பொதுவாகக் காட்சியளவையையாவது (புலன்களால் நேரில் அறிவதை) ஏற்பார்கள் என்பர். அவர்கள் மரபில் வைக்கப்படும் பழங்காலச் சிந்தனையாளர் ஜயராசி பட்டரோ, 1940இல்தான் அச்சேறிய ‘தத்துவோபப்லவசிம்ம’த்தில் அதையும் விட்டுவைக்கவில்லை.

இத்தகைய ஐயம் எல்லா அனுமானங்களின் மீதும் ஒரே கனத்தோடு விழுவதால், இரண்டில் எது மேல் என்று சொல்ல அதற்கு வழியில்லை. இரண்டும் சமம் என்று சொல்லவும் வழியில்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தராசு பழுதாகிவிட்டால், எல்லா மூட்டையும் ஒரே எடை என்று எந்த வியாபாரியும் பணம் வாங்கிக்கொண்டு போகமாட்டார்.

எங்கள் கிணறு வற்றிய கோடையில் அப்பா இருவரையுமே அழைத்தார். ஒருவர் கையில் தேங்காய் எழுந்து நின்றது. மற்றவர் நான்கு கம்பிகளை நேர்கோட்டில் அடித்து, வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உட்கம்பிகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்தார். கொங்கின் கரும்பாறையில் நீர் வெடிப்புகளில்தான் நிற்கும், ஈரமிருந்தால் மின்தடை (மின்சாரம் பாய நிலம் காட்டும் எதிர்ப்பு) குறையும், ஆனால் களிமண் இருந்தாலும் குறையும் என்று முன்கூட்டியே எச்சரித்து, 400 அடிக்குள் கிடைக்கலாம் என எழுதிக் கொடுத்தார். அவரவர் காட்டிய இடத்தில் போர் ஓட்டினோம். இரண்டிலும் புழுதிதான். (அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.)

போர் வண்டிக்காரர் ஒரு சாண் தள்ளி ஓட்டிவிட்டார் என்றார் தேங்காய்க்காரர். நிலவியலாளரோ மேலடுக்கிலிருந்து வந்திருந்த மண்ணை விரலில் உருட்டிப் பார்த்து, “களியைத் தண்ணின்னு கணக்குப் போட்டுட்டேனுங்க” என்று தம் குறிப்பேட்டில் திருத்தி எழுதிக்கொண்டார்.

உங்கள் தோட்டத்துக்கு வந்த இருவரில் எவராவது, எத்தனை அடிவரை நீர் வராவிட்டால் தம் கணக்குத் தவறு என்று சொல்லியிருக்கிறாரா? கேட்டு எழுதுங்கள்.