பன்னாட்டு விளையாட்டுப் போட்டிக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவது தகுமா?

ஒலிம்பிக் போன்ற போட்டியை நடத்த அரசு பெருந்தொகை செலவிடுவது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிய அரங்குகளைக் கட்டித்தான் நடத்த வேண்டுமென்றால், பெரும்பாலும் நியாயமில்லை என்பதே என் உறுதியான கருத்து. 1976-இல் போட்டியை நடத்திய மாண்ட்ரியல், அரங்குக்காகப் பட்ட கடனை அடைத்து முடிக்க 30 ஆண்டுகள் ஆயின. பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த அரங்குகளைக் கொண்டே 1984-இல் நடத்திய லாஸ் ஏஞ்சலிஸ் லாபம் கண்டது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடும் விளையாட்டரங்கு எதையும் கேட்கவில்லை.

ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் தலைமுறை தலைமுறையாகப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 1,928 கோடி ரூபாயில் தீட்டப்பட்டது. இரு வார விழாவுக்கு அதைவிடப் பெரிய தொகையைக் கேட்பவர்கள், விழா முடிந்தபின் அந்த அரங்குகளில் யார் விளையாடுவார்கள், பராமரிப்புக்கு யார் பணம் தருவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லக் கடமைப்பட்டவர்கள்.