மூன்று வாரப் பயிற்சி போதுமா?
ஐந்து வருடம் உதவியாளராக வயரிங் செய்திருக்கிறீர்கள், சான்றிதழ் இல்லை, மூன்று வாரப் பயிற்சியில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேருமுன் ஒன்றை விசாரியுங்கள் நண்பரே: சோதனைக் கருவிகளைக் கையில் கொடுத்துப் பழக்குகிறார்களா? ஒயர் இழுக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மெகர் என்ற சோதனைக் கருவியில் 500 வோல்ட் கொடுத்து ஒயரின் இன்சுலேஷன் (மின்கசிவைத் தடுக்கும் காப்பு) பார்க்கும்போது 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் பழுதைத் தேடிப் பிடிக்கத் தெரிய வேண்டும். மெயினை நிறுத்திய பிறகும், டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது உறுதியான வேறொரு லைனில் வைத்துப் பாருங்கள், அப்புறம் வேலை செய்யும் இடத்தில், மறுபடி அந்தக் கரண்ட் லைனில். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருந்தால் இதில் தெரிந்துவிடும். இதையெல்லாம் பழக்காமல் வெறும் வகுப்பறைப் பாடம் என்றால் பணம் கட்டாதீர்கள். இதுவரை செய்த வேலைகளைத் தேதியோடு எழுதி, மேற்பார்த்த உரிமதாரரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். பல இடங்களில் உரிமம் தர அதையும் கேட்பார்கள்.