ஆலங்குளத்து மழைய காத்தாடியா விரட்டுது?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நான் செங்கோட்டைக்காரன், பிரானூர் மரக்கடைகள்ல இருந்து மரம் ஏத்திக்கிட்டு லோடு வண்டி ஓட்டுறேன். தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், இதான் தினசரி லைன். ஆனி ஆடில கிளம்பும்போது சாரல் அடிக்கும், தார்ப்பாய் கட்டாம நகர முடியாது. தென்காசி தாண்டுனா லேசா தூத்தல். பாவூர்சத்திரம் தாண்டிட்டா மண்ணு பறக்குது, வெயில் மண்டையப் பொளக்குது, ஆனா மேகம் மட்டும் தலைக்கு மேல போய்க்கிட்டேதான் இருக்கு. ஆலங்குளத்து டீக்கடையில கேட்டா, எல்லாம் இந்த கரண்டு எடுக்குற காத்தாடியால வந்த வினை, றெக்கை சுத்திச் சுத்தி மேகத்தக் கலைச்சு விட்டுருது, முன்னாடியெல்லாம் இங்க நல்லா மழை பேஞ்சுதுங்கிறாங்க. எங்க மாமாவும் அதையேதான் சொல்றாரு. இது நெசமா? இன்னொரு சந்தேகம், எங்க ஊர்ல காலைல மலைப்பக்கமா வானவில் தெரியும், சாயங்காலம் பாத்த ஞாபகமே இல்ல. அது ஏன்?

செங்கோட்டையில இருந்து ஒரு வாசகர்

தம்பி,

டீக்கடைக்காரர் சொல்றத நானும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், கயத்தாறு பக்கம் போனாலும் இதே கதை, உடுமலைப்பேட்டை பக்கம் போனாலும் இதே கதை. காத்தாடி மழைய விரட்டல. மழைய ஏற்கனவே எறக்கி வச்சுட்டு வர்ற காத்து எந்த வழியா வேகமா வருதோ, அந்த வழியாப் பாத்து காத்தாடிய நட்டு வச்சிருக்காங்க, அவ்வளவுதான். உசரத்தையே பாருங்களேன், இப்ப வர்ற பெரிய காத்தாடியோட றெக்கை நுனி கூட 150, 200 மீட்டர்தான், மேகம் அதுக்கெல்லாம் மேல ஆயிரம் மீட்டர் பக்கத்துல போய்க்கிட்டு இருக்கு.

நடக்குறது என்னன்னா, தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல்ல இருந்து ஈரத்த சுமந்துக்கிட்டு கொல்லம், புனலூர் வழியா வந்து மலையில முட்டுது, முட்டுனா மேல ஏறித்தான் ஆகணும். ஏறுற காத்துக்கு மேல அழுத்தம் கம்மி, அதனால விரியும், விரிஞ்சா குளிரும். மேகம் கட்டாத வரைக்கும் கிலோமீட்டருக்கு சுமாரா 10 டிகிரி குறையும். மேகம் கட்ட ஆரம்பிச்சதும் கதை மாறுது, நீராவி தண்ணியாகுறப்ப சூட்ட வெளிய விடும், ஒரு கிராமுக்கு சுமார் 2,400 ஜூல், அதே ஒரு கிராம் பச்சத்தண்ணிய கொதிக்கிற சூடு வரைக்கும் ஏத்துறதுக்கு நானூறு சொச்சம் போதும்னா பாத்துக்கோங்க. அந்தச் சூடு உள்ளயே விழுறதால அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 5 டிகிரி மாதிரிதான் குறையும்.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். அந்தப் பக்கம் அடிவாரத்துல 27 டிகிரின்னு வச்சுக்கோங்க. மொத 500 மீட்டர் மேகமில்லாம ஏறுது, 22 ஆச்சு. அடுத்த ஆயிரம் மீட்டர் மேகமா ஏறுது, மழையக் கொட்டிக்கிட்டே, 17 ஆச்சு. உச்சி தாண்டி நம்ம பக்கம் எறங்குறப்ப தண்ணியெல்லாம் அங்கேயே போயிருச்சு, இனி மேகம் கிடையாது, எறங்குற 1,500 மீட்டருக்கும் கிலோமீட்டருக்கு 10 டிகிரி கணக்குல சூடாகுது, கீழ வந்து சேரும்போது 32. ஏறுனது 27, எறங்குனது 32, அதுவும் காஞ்சு போயி. வெயில் கணக்கே இதுல சேக்கல, காத்து வெறுமனே மலையேறி எறங்குனதுக்கே இவ்வளவு. நெசத்துல எல்லாக் காத்தும் உச்சி வரைக்கும் போறதில்ல, எல்லாத் தண்ணியும் அங்கேயே விழுறதில்ல, ஆனாலும் ஆலங்குளத்துல உங்க மூஞ்சில அனலா அடிக்கிறது இந்தக் காத்துதான்.

அப்ப செங்கோட்டை மட்டும் எப்படி நனையுது, அதுவும் மலைக்கு இந்தப் பக்கந்தான இருக்குன்னு கேப்பீங்க. அதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு ஆரியங்காவு கணவாய், ரெண்டு பக்கமும் மலை ஆயிரம் மீட்டருக்கு மேல நிக்க இது மட்டும் 300 மீட்டருக்கும் கீழ கெடக்கு, ரயிலும் ரோடும் போற அதே சந்து வழியா ஈரக்காத்தும் நுழைஞ்சு வருது, சந்துங்கிறதால வேகமாவும் வருது. (அந்தக் காலத்துல ரோட்டுக்காரங்க, ரயில்காரங்க எல்லாரும் கண்டுபிடிச்ச வழிய காத்து எப்பவோ கண்டுபிடிச்சிருச்சு. 1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கத்து ஆட்சியில இருந்துச்சு, எல்லை பிரானூர் பக்கம் இருந்துச்சு, இன்னிக்கும் அந்த இடத்த பார்டர்னுதான சொல்றோம். வானிலைக் கணக்குல பாத்தா அந்தக் கோடு ஒண்ணும் தப்பில்ல.)

ரெண்டாவது காரணம் சாரலோட சைஸு. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச விஷயம். ரெண்டு மில்லிமீட்டர் மழைத்துளி செகண்டுக்கு ஆறு ஏழு மீட்டர் வேகத்துல விழும், ஆயிரம் மீட்டர் எறங்க ரெண்டரை நிமிஷம் போதும். காத்து மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது செகண்டுக்கு 10 மீட்டர் அடிக்குதுன்னா அதுக்குள்ள ஒன்றரை கிலோமீட்டர்தான் தள்ளிப்போகும், மலையிலேயே விழுந்துரும், அருவிக்குப் போயிரும். சாரல் துளி அரை மில்லிமீட்டருக்கும் கீழ. கால் மில்லிமீட்டர் துளி செகண்டுக்கு ஒரு மீட்டர்தான் எறங்கும், அதே ஆயிரம் மீட்டர் வர 17 நிமிஷம் ஆகும், அதுக்குள்ள காத்து அதப் பத்து கிலோமீட்டர் கெழக்க தூக்கிட்டு வந்துரும். மலைமேல உருவான துளிதான் செங்கோட்டையிலயும் இலஞ்சியிலயும் தென்காசியிலயும் படுத்தாப்புல வந்து அடிக்குது, அதனாலதான் கொடை பிடிச்சும் முழங்காலுக்குக் கீழ நனைஞ்சுருது, அதனாலதான் தலைக்கு மேல வெயில் அடிக்கும்போதே சட்டையும் ஈரமாகுது. அதுக்கும் கெழக்க போனா காத்து காஞ்சது, பொடித்துளி தரையத் தொடுறதுக்குள்ள காத்துலயே காணாமப் போயிரும். நீங்க பாவூர்சத்திரம் தாண்டுனதும் பாக்குறது இந்த எடந்தான்.

தலைக்கு மேல மேகம் போகுதேன்னீங்க. அடுத்த தடவ ஆலங்குளத்துல எறக்கு கூலிக்காரங்க சரக்கு எறக்குறப்ப, ஒரு துண்டு மேகத்த மட்டும் கண்ணு எடுக்காம அஞ்சு நிமிஷம் பாருங்க, ஓரம் நார் நாரா பிரிஞ்சு மெலிஞ்சு போறத பாக்கலாம், பல சமயம் முழுசாவே கரைஞ்சுரும். குற்றாலம் மலை உச்சில இதுக்கு நேரெதிரு, மேகம் நாள்பூரா ஒரே எடத்துல உக்காந்திருக்கும், ஆனா காத்து சும்மா வீசிக்கிட்டு இருக்கும். அது ஒரே மேகம் இல்ல தம்பி, மேக்குப் பக்கம் புதுசா துளி கட்டிக்கிட்டே இருக்கு, கெழக்குப் பக்கம் எறங்குறப்ப ஆவியாகிக்கிட்டே இருக்கு.

சரி, முன்னாடி நல்லா மழை பேஞ்சுதுங்கிறாங்களே, அது பொய்யான்னா, இல்ல, ஆனா அவங்க நெனைக்கிறது ஐப்பசி கார்த்திகை மழையா இருக்கும். நம்ம மாவட்டத்தோட கெழக்குப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோறு போடுது, அது ஒரு வருஷம் கொட்டும் ஒரு வருஷம் ஏமாத்தும், அப்ப காத்து கடல்ல இருந்து நேரா கெழக்க இருந்து வரும், மலை குறுக்க இல்ல. செங்கோட்டை குண்டாறு அணைய பாருங்க, 36.10 அடி அணை, சீசன் நல்லா இருந்தா ஆனி ஆடிலேயே நெறஞ்சு மறுகால் போகும், அதே நேரத்துல ஆலங்குளம் பக்கத்துக் குளமெல்லாம் வெடிச்சுக் கெடக்கும், ஐப்பசிக்குக் காத்துக்கிட்டு. சுந்தரபாண்டியபுரத்துல சாரல் சீசன்லயே சூரியகாந்தி பூத்து நிக்குதே, குற்றாலத்துல குளிச்சுட்டு எல்லாரும் போயி போட்டோ எடுக்குறாங்களே, அங்க வெயில் இல்லன்னா அது எப்படிப் பூக்கும்?

காத்தாடியால ஒண்ணுமே ஆகாதுன்னும் சொல்ல மாட்டேன். றெக்கை கீழ்க்காத்தக் கலக்கி விடும், ராத்திரியில பக்கத்துத் தரை லேசா சூடாகுதுன்னு டெக்சாஸ்ல செயற்கைக்கோள் கணக்க வச்சு 2012-ல காட்டியிருக்காங்க. அது தரையோட சமாச்சாரம், மேகத்த வெரட்டுற சமாச்சாரம் இல்ல. நெலத்த அடிமாட்டு வெலைக்கு வாங்குனது, வண்டித்தடத்த மறிச்சது, ஓடைய மூடுனதுன்னு சனங்க சொல்ற குறையெல்லாம் வேற, அதுல நியாயம் இருக்கு. மழையையும் அதோட சேத்துக் கட்டிப் பேசுனா அதிகாரி மழையப் பத்தி மட்டும் சிரிச்சுட்டு மத்த மனுவையும் சேத்து மூடி வச்சுருவாரு, எனக்கு இருக்குற வருத்தம் அதான்.

கடைசியா வானவில். அதுக்கு சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும், மழை முன்னாடி இருக்கணும், சூரியன் 42 டிகிரிக்கு மேல ஏறிட்டா தரையில நிக்கிறவன் கண்ணுக்கு வில்லு தெரியாது. உங்க ஊர்ல காலைல சூரியன் கெழக்க, அங்க வானம் தெளிவு, சாரல் மேக்க மலைப்பக்கம், சரியா அமைஞ்சுருது, ஆனா ஒம்பது ஒம்பதே காலுக்கு மேல தேடாதீங்க. சாயங்காலம் சூரியன் மேக்க போறான், அந்தப் பக்கம் மேகமும் மலையும் மறைக்குது, அப்படியே எட்டிப் பாத்தாலும் வில்லு விழுறதுக்கு கெழக்க மழை வேணும், அங்கதான் ஆனி ஆடில மழையே இல்லியே. ஐப்பசில கெழக்க இடிமழை கட்டி, மேக்க வெயில் வெளுத்தா சாயங்காலமும் தெரியும், அப்ப வண்டிய ஓரங்கட்டிட்டுப் பாருங்க.