ஒரு வாரக் கறிச்சோற்றுக்குப் பிறகு ஒரு சட்டி தண்ணிச்சாறு

கேள்வி: ஒரு வாரமாக விருந்துச் சாப்பாடு. வயிறு கனத்துக் கிடக்கிறது. காய்கறி நிறையச் சேர்த்து, லேசாக, ஆனால் ருசியாக என்ன செய்து சாப்பிடலாம்?

நீங்கள் எந்த ஊர் என்று போடவில்லை. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, லீவுக்கு ஊருக்கு வந்து, ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, நடுவில் குலதெய்வத்துக்குக் கிடா என்று ஏழு நாளும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்திருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் மதுரைப் பக்கம் அப்படித்தான் நடக்கும். கேள்வியில் "ருசியாக" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பெரும்பாலும் எல்லோரும் அதை விட்டுவிட்டு, "வயிறு சரியில்லை, ரசம் சாதம் போதும்" என்று முடித்துவிடுவார்கள். காய்கறி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு என்கிற பேச்சு எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று தைக்கும். காரணம் இருக்கிறது.

கல்யாணமான முதல் வருடம், மாசி சிவராத்திரி. என் வீட்டுக்காரருக்குப் பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். சிவராத்திரி என்றால் அந்தப் பக்கத்துச் சனம் எந்த ஊரில் இருந்தாலும் குலதெய்வம் கும்பிட வந்து சேர்ந்துவிடும். எங்கள் வகையறாவில் அந்த வருடம் மூன்று கிடா. முதல் நாள் கறிக்குழம்பும் சுக்காவும். மறுநாள் குடல். அதற்கு அடுத்த நாள் தலைக்கறி, எலும்புச் சாறு. மீந்த கறியை உப்பும் மஞ்சளும் போட்டுக் கொடியில் உப்புக்கண்டமாகக் கட்டிவிட்டார்கள். அதையும் எண்ணெயில் பொரித்து இரண்டு நாள் ஓடியது. இதற்கு நடுவில் பங்காளி வீட்டில் ஒரு காதணி விழா. அங்கேயும் பிரியாணிதான்.

ஆறாவது நாள் அத்தை என்னிடம், "ஏத்தா, இன்னைக்கு நீ எதாச்சும் காய வையி" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டு அடுப்பில் நான் தனியாகச் சமைத்த முதல் நாள் அதுதான். கூரையில் கொடி ஓடியிருந்தது. ஒரு சுரைக்காய் பறித்தேன். மாமாவுக்குக் காரசாரமாக இருந்தால்தான் இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், பட்டை, சோம்பு தாளித்து, வெங்காயம் தக்காளி வதக்கி, கறிக்குழம்புக்கு அரைத்து வைத்திருந்த மசாலாவிலேயே இரண்டு கரண்டி போட்டு, எண்ணெய் மிதக்க மிதக்கச் சுரைக்காயைக் கொதிக்கவிட்டேன். மாமா உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். தட்டை லேசாகத் தள்ளிவைத்துவிட்டு, கருவாடு ரெண்டு சுட்டுக் கொண்டு வரச் சொன்னார். கொழுந்தன்மார் இரண்டு பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கருவாடு சுட்டுக் கொடுத்தேன். பதினெட்டு வருடம் ஆகிறது, அந்தத் தட்டு நகர்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சாயங்காலம் அத்தை வந்து சட்டியைத் திறந்து பார்த்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "காய்ல ஒண்ணும் குத்தமில்லத்தா. கறிக்குப் போடுறத காய்க்குப் போட்டா, காயும் இருக்காது, கறியும் இருக்காது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் விடியக்காலை என்னைக் கிணற்றடிப் பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போய் மணத்தக்காளிக் கீரை பறிக்க வைத்தார். எங்கள் பக்கம் மிளகுதக்காளி என்றும் சொல்வோம். அன்றைக்கு வைத்ததுதான் தண்ணிச்சாறு. உங்கள் கேள்விக்கு என்னுடைய முதல் பதில் அதுதான். இதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

அரிசி களையும்போது முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டாவது தண்ணீரை நன்றாகப் பிசைந்து களைந்து, இரண்டு டம்ளர் எடுத்து வையுங்கள். சட்டியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். எண்ணெய் காய்ந்ததும் கால் ஸ்பூன் வெந்தயம், அரை ஸ்பூன் சீரகம், கிள்ளிய வரமிளகாய் இரண்டு. அப்புறம் பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், பொடியாக நறுக்காமல் இரண்டாக வெட்டியது. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் ஒரு கட்டுக் கீரையைப் போட்டு ஒரு பிரட்டு. இலை சுருண்டதும் அந்த அரிசித் தண்ணீரை ஊற்றுங்கள். மூடி போடாதீர்கள், கீரை நிறம் மாறிவிடும். ஏழெட்டு நிமிடத்தில் இலை வெந்து, தண்ணீர் லேசாகக் கெட்டிப்பட்டு, ஓரத்தில் வெள்ளை நுரை கட்டும். இப்போது உப்பு. அடுப்பைக் குறைத்துவிட்டு அரை டம்ளர் தேங்காய்ப்பால். ஓரம் லேசாகச் சூடேறியதும் இறக்கிவிடுங்கள். பால் ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி, வெளிர்பச்சைத் தண்ணீரில் நாலு இலை மிதக்கும். குழைய வடித்த சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால், முதலில் லேசான கசப்பு, பின்னால் வெங்காயத்தின் இனிப்பு, கடைசியில் சீரகம்.

மாமாவுக்கு அன்றைக்கு நான்தான் ஊற்றினேன். கை நடுங்கியது. அவர் எதுவும் சொல்லவில்லை. பிசைந்து சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தட்டைக் காட்டினார், மிச்சத்தைத் தட்டோடு தூக்கிக் குடித்தார். அடுத்த நாள் காலையில் வயலுக்குப் போகும்போது, "அந்தக் கீரை இன்னும் கிடக்கா?" என்று அத்தையிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

இதில் தேங்காய்ப்பால் இருக்கிறதே, இது எப்படி லேசு என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாலு பேருக்கான சட்டியில் அரை டம்ளர். ஒரு தட்டு சுக்காவில் ஓடும் எண்ணெயோடு வைத்துப் பாருங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் பால் இல்லாமலே வைக்கலாம், அரிசித் தண்ணீரே போதுமான கெட்டி கொடுக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கறி சாப்பிடுபவர்களை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் சாப்பிடுகிறவள்தான், கிடாவெட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். கொழுப்பும் எண்ணெயும் அதிகமானால் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நேரம் ஆகும், கறியில் நார்ச்சத்து கிடையாது, அதனால்தான் அந்தக் கனம். நச்சு நீக்கம், உடம்பைக் கழுவுதல் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும். நாம் வயிற்றுக்கு வேலையைக் குறைத்தால் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கீரை, வாழைத்தண்டு எதையும் டாக்டரைக் கேட்டுவிட்டு அளவோடு சாப்பிடுங்கள். அவற்றில் பொட்டாசியம் இருக்கிறது.

சுரைக்காயையும் நான் விடவில்லை. அத்தை முறையில் திரும்பக் கற்றுக்கொண்டேன். கைப்பிடிப் பாசிப்பருப்பை அரை வேக்காடாக வேகவைத்து, அதில் சுரைக்காயைப் போட்டால் தனியாகத் தண்ணீர் ஊற்றவே தேவையில்லை, காயே விட்டுக்கொள்ளும். உப்பைக் கடைசியில் போடுங்கள். சட்டி நிறையத் தெரிகிற காய் வெந்தால் பாதியாகிவிடும், முதலிலேயே போட்டால் கரிக்கும். தேங்காய், சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. பட்டை, சோம்பு பக்கமே போக வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். நறுக்கியதும் பச்சையாக ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். சமைத்தாலும் அந்தக் கசப்பும் போகாது, விஷமும் போகாது. வாந்தி, பேதி, ரத்த வாந்தி வரைக்கும் கொண்டுபோய் விடும். அதன் சாற்றைப் பச்சையாகக் குடிக்கச் சொல்லி வீடியோ போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

விருந்து சாப்பிட்ட நாக்குக்கு உறைப்பு இல்லாமல் திடீரென்று எதுவும் இறங்காது. அதற்கு மாமா மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை, நாக்கு அப்படித்தான். அதனால் பக்கத்தில் ஒரு துவையல் வேண்டும். பீர்க்கங்காய் வாங்கினால் தோலைத் தூக்கிப் போடாதீர்கள். இளம் பிஞ்சின் தோலை உளுந்தம்பருப்பு, வரமிளகாய், சுண்டைக்காய் அளவு புளியோடு வதக்கி அம்மியிலோ மிக்ஸியிலோ கரகரப்பாக அரைத்து ஒரு உருண்டை வையுங்கள். கூட்டு தானாக இறங்கும். வாழைத்தண்டு கிடைத்தால் வட்ட வட்டமாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, மோர்த் தண்ணீரில் போட்டுவிடுங்கள், கறுக்காது. பொடியாக அரிந்து தயிரில் பச்சடியாகவே சாப்பிடலாம். எங்களுக்குச் சோழவந்தான் பக்கத்திலிருந்து வரும், வைகைத் தண்ணீரில் விளைந்த வாழை. நறுக்கும்போதே தண்ணீர் தெறிக்கும்.

காய்கறி என்றதும் உருளைக்கிழங்கு வறுவலும் எண்ணெய்க் கத்தரிக்காயும் காலிஃப்ளவர் பொரித்ததும் செய்துவிட்டு, "லேசாகச் சாப்பிட்டேன், அப்படியும் கேட்கவில்லை" என்று சொல்லாதீர்கள். அதற்குக் கறியே சாப்பிட்டிருக்கலாம்.

காய் வாங்குகிற இடமும் முக்கியம். மசாலா இல்லாத சமையலில் பழைய காயை ஒளித்துவைக்க முடியாது. நாங்கள் இப்போது மதுரையில் இருக்கிறோம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் எங்கள் அண்ணா நகரில்தான் தொடங்கியது. விடிவதற்கு முன்னால் போனால் கீரைக்கட்டில் மண்ணும் ஈரமும் அப்படியே இருக்கும். எட்டு மணிக்கு மேல் போனால் கீரை வாடிவிடும், அந்தக் கீரையில் தண்ணிச்சாறு வைத்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

விருந்து என்று எழுதும்போதே ஒன்று நெஞ்சில் முட்டுகிறது, சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். மேலே சொன்ன காதணி விழா மாதிரி எத்தனையோ விழாவுக்கு இந்தப் பதினெட்டு வருடத்தில் போயிருக்கிறோம். நான் தையல் மெஷினில் கால் கடுக்க மிதித்துச் சம்பாதித்த பணத்தில்தான் பாதி மொய் போயிருக்கிறது. போன வைகாசியில் என் சொந்தத் தோழி வீட்டு விழாவுக்கு ஆயிரத்து ஒன்று என் கையால் கொடுத்தேன். நோட்டு எழுதியவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "வீட்டுக்காரர் பேரு சொல்லும்மா" என்றார். என் பெயரை எழுதுங்கள் என்றேன். "அப்படி எழுதுனா திருப்பிச் செய்யுறப்போ குழப்பம் வரும்" என்றார். மைக்கிலும் என் வீட்டுக்காரர் பெயரைத்தான் படித்தார்கள். தோழி என்னுடையவள், பணம் என்னுடையது. அடுப்படியில் வெந்து சமைப்பதும் நாங்கள், மொய்க்காகச் சீட்டுக் கட்டுவதும் நாங்கள், நோட்டில் மட்டும் எங்களுக்கு ஒரு வரி கிடையாதா? இதைப் படிக்கிறவர்களில் மொய் எழுத உட்காருகிற ஆண்கள் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பெயருக்குப் பின்னால் "மனைவி" என்று போட்டாவது எழுதலாம், குழப்பம் வராது.

சரி, உங்கள் வயிற்றுக்கு வருகிறேன். ஊரிலிருந்து திரும்பிய அன்றைக்கு ராத்திரியே தண்ணிச்சாற்றைத் தொடங்குங்கள், கீரையை ராத்திரி சாப்பிடக்கூடாது என்பவர்கள் வீட்டில் இருந்தால் மறுநாள் மதியம். அடுத்த நாள் சுரைக்காயோ பீர்க்கங்காயோ கூட்டு, கூடவே துவையல், கடைசியில் நீர் மோர். மூன்றாவது நாள் தானாகப் பசி எடுக்கும். பசி எடுக்காமல் மணியைப் பார்த்து உட்காராதீர்கள். தண்ணிச்சாற்றை அன்றைக்குச் சாப்பிடுகிற அளவுக்கு மட்டும் வையுங்கள். மறுநாளுக்கு எடுத்துவைத்துச் சூடு பண்ணினால் தேங்காய்ப்பால் திரியும், கீரையும் கறுத்துவிடும்.